பென்ஷன் வாங்காத இயந்திரங்கள்



ஆயுத பூஜை இதழ் என்றால் அட்டையில் சரஸ்வதி, உள்ளே சுண்டல் வகைகள், நடுப்பக்கத்தில் கொலுப் படங்கள் என்று ஒரு வழக்கம் உண்டு. அதில் எதையும் குறைக்கவில்லை, பயப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தை மட்டும், பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே வேலைக்குத் திரும்பிவிடும் சில மூத்த ஆசாமிகளுக்கு ஒதுக்கிவிட்டேன். காரணம், பாகாலாவிலிருந்து வந்த ஒரு கடிதம்.

எழுதியவர் அங்கே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். புதிதாக மடிக்கணினி வாங்குகிறவர்களுக்குப் போன இதழில் நாம் யோசனைகள் சொல்லியிருந்தோம் அல்லவா, அதைப் படித்துவிட்டுச் செல்லக் கோபத்தோடு எழுதியிருக்கிறார். வாங்குவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், வைத்திருப்பதைப் பற்றி யாராவது எழுதினால் என்ன என்பது அவர் கேள்வி. அவர் கடையில் ஒரு கணினி இன்னும் விண்டோஸ் 98-ல் ஓடுகிறதாம். அதை எடைக்குப் போடும்படி மகன் வருடா வருடம் சொல்கிறான், இவர் வருடா வருடம் அதற்குப் பொட்டு வைக்கிறார்.

பாகாலா தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காட்பாடியில் திருப்பதி ரயில் ஏறினால் சித்தூரைத் தாண்டியதும் வரும் சந்திப்பு அது. 1891-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதை போட்ட காலத்து ஊர். பீலேர், மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மவரம் போகும் பாதை இங்கேதான் பிரிகிறது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை இந்தச் சீமை வடஆற்காட்டைச் சேர்ந்தது. அதனால் கடைவீதியில் தெலுங்கும் வீட்டுக்குள் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்தால் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். நம் வாசகரின் பழைய கணினி உயிரோடு இருப்பதற்கு அந்தப் பத்திரிகைதான் காரணம்.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நம் மொழிகளுக்குக் கணினியில் பொதுவான எழுத்துக் குறியீடு புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் நம் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு உட்கார வைத்தது. தெலுங்குக்கு அனு, தமிழுக்குப் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு கணக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்துக் கொடுத்தது. யூனிகோடை அரசு முறைப்படி ஏற்றது 2010-ல். அதற்குள் அச்சகங்களில் இருபது வருடத்துச் சரக்கு சேர்ந்துவிட்டது. அந்தக் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லையென்றால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்து கிடக்கும்.

எழுத்துரு மட்டும் இருந்தாலும் போதாது. பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி அதன் வளர்ச்சியை முடித்துக்கொண்டது. நம் டிடிபி கடைகள் முடித்துக்கொள்ளவில்லை. எழுத்துரு மென்பொருள் சிலவற்றுக்கு டாங்கிள் என்று ஒரு பூட்டும் உண்டு. பிரிண்டர் வயர் செருகும் பின்பக்கத்து அகலமான துளையில் அதைச் செருகினால்தான் தமிழ் வரும். இன்றைய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. துளை இருக்கும் கணினியைத் தூக்கிப் போட்டால் பூட்டு போச்சு, பூட்டோடு எழுத்து போச்சு, எழுத்தோடு இருபது வருடத்து வாடிக்கையும் போச்சு. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி தம்பிக்கும் வேண்டும் என்று வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

இதில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது பாகாலா சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. கணினியில் இருந்த பத்திரிகை மாதிரி, ரசீதுப் புத்தக மாதிரி, லெட்டர் பேடு மாதிரி ஒவ்வொன்றிலும் ‘சித்தூர்’ என்று இருந்ததை எடுத்துவிட்டுத் ‘திருப்பதி’ என்று அடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்தது அந்த ஒரு கிழக் கணினிக்குத்தான். அந்த மாதம் மகன் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அது எப்படி இத்தனை வருடம் ஓடுகிறது என்பதற்கு அவர் எழுதியிருக்கும் வைத்தியங்கள் பழைய கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். திரை வராமல் பீப், பீப் என்று கத்தினால் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவது. தேதி பின்னுக்குப் போய்ப் பழைய வருடத்தைக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றுவது. கண்டென்சர் தலை உப்பினால் புதியது வைத்து ஈயம் ஊற்றுவது. வெளிர் நிறப் பெட்டி மஞ்சளாகிப் போனதற்கு மட்டும் அவரிடம் வைத்தியம் இல்லை. பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ரசாயனமும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. துடைத்தால் போகாது, குங்குமம் வைத்தால் நன்றாகவே எடுப்பாக இருக்கும்.

பாகாலா வாசகரைச் சொல்கிறேனே, நம் அலுவலகம் மட்டும் என்ன? பழைய இதழ்களின் பக்கங்கள் இருக்கும் கணினி ஒன்று கிடங்கு அறையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. யாராவது வாசகர் பழைய தொடர்கதை ஒன்றைக் கேட்டால் துணியை விலக்குவோம். அதன் முன்னால் இருக்கும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டை மட்டும் எங்கள் பக்க வடிவமைப்பாளர் எடுத்துப்போய்ப் புதுக் கணினியில் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் இருக்கும் இயந்திர விசைப்பலகை அது. டிடிபிக்காரர்கள் மத்தியில் அதற்கு இருக்கும் மதிப்பு தனி. அழுத்தினால் அழுத்தியது கைக்கும் தெரியும், பக்கத்து அறைக்கும் தெரியும்.

சத்தம் என்றதும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஞாபகத்துக்கு வராதவர்கள் உண்டா? அதன் இடமே வேறு. டிடிபிக் கணினியாவது கிடங்கில் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இவர் தினமும் கடைவீதியில் கத்திக்கொண்டிருக்கிறார்.

பாகாலா மண்டலத்தில் தாமலசெருவு என்று ஓர் ஊர். மாங்காய் சீசனில் மண்டி வாசலில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டும். சித்தூர், திருப்பதிச் சீமையின் தோத்தாபுரி மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. மண்டியானாலும் வெல்லக் கடையானாலும் லாரி அலுவலகமானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓரத்துளைக் காகிதத்தை இழுத்துக்கொண்டு கறகறவென்று அடிக்கும் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். டிவிஎஸ் எம்எஸ்பி, எப்சன் எல்எக்ஸ் என்று பெயர்கள் மாறும், சத்தம் ஒன்றுதான்.

அது ஏன் இன்னும் போகவில்லை? ஒன்பது ஊசி அல்லது இருபத்துநான்கு ஊசி, மை நாடா, அதற்குப் பின்னால் காகிதம். ஊசி காகிதத்தைக் குத்துகிறது. குத்துவதால் அடியில் கார்பன் இருந்தால் அங்கும் எழுத்து விழும். லேசரும் இங்க்ஜெட்டும் காகிதத்தைக் குத்துவதில்லை. ஆகவே ஒரே அடியில் பிரதி எடுக்க அவற்றால் முடியாது. சரக்கு விற்பதற்கான பில்லை மூன்று பிரதி போட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. முதல் பிரதி வாங்குகிறவருக்கு, இரண்டாவது வண்டியில் கொண்டுபோகிறவருக்கு, மூன்றாவது விற்கிறவருக்கு. லேசரில் மூன்று தடவை அச்சிட்டாலும் விதிப்படி சரிதான். ஆனால் மூன்று தடவை அச்சிட்டால் நடுவில் எண்ணை மாற்றலாமே என்று வியாபாரிக்கு ஒரு சந்தேகம். ஒரே குத்தில் விழுந்த மூன்று தாளில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் வாங்குவது பிரிண்டரை என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு வேண்டியது அந்த நிம்மதி.

விவசாயிக்கு வேறு கணக்கு. சூட்டில் அச்சாகும் சின்ன ரசீதை இரண்டு மாதம் சட்டைப் பையில் வைத்திருங்கள், வெற்றுத்தாள்தான் மிஞ்சும். மாங்காய்ப் பணம் அன்றன்றைக்கே கைக்கு வருவதில்லை. 2025 சீசனில் தோத்தாபுரி விலை படுத்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாயை அரசு தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. இரண்டு இடத்திலிருந்து பணம் வர வேண்டிய வருடத்தில் எடைச்சீட்டு மங்காமல் இருக்க வேண்டாமா? நாடாவின் மை காகிதத்தில் ஊறி நிற்கும். நாடா நைந்து போனாலும் குத்திய பள்ளமாவது விரலுக்குத் தட்டுப்படும்.

ஹெட்டில் ஓர் ஊசி ஒடிந்தால் எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். முழு ஹெட்டையும் மாற்றாமல் அந்த ஓர் ஊசியை மட்டும் மாற்றித் தரும் கைகள் சென்னை ரிச்சி தெருவில் இருக்கின்றன. எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதுதான் என் கவலை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊசி கோக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் புதிதாக யாரும் உட்காருவதாகத் தெரியவில்லை. இயந்திரத்தை வைத்திருப்பதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அதைத் திறக்கத் தெரிந்தவருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறோம்.

இனி ரயில். பாகாலா ஊரைப் பற்றி எழுதிவிட்டு ரயிலைப் பற்றி எழுதாமல் போனால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அட்டைச் சீட்டு நினைவிருக்கும். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் 1830களின் கடைசியில் வகுத்த முறை அது. கெட்டி அட்டை, வரிசை எண், தேதி குத்த ஒரு சின்ன இரும்பு இயந்திரம். எழுத்தர் சீட்டை அதன் வாயில் கொடுத்து இழுத்தால் டடக் என்று தேதி விழும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது மாறவில்லை. பிறகு கணினிச் சீட்டு வந்தது, இரும்பு இயந்திரங்கள் ரயில் அருங்காட்சியகத்துக்கும் பழைய சாமான் சேகரிப்பவர்களின் அலமாரிக்கும் போயின.

அட்டைச் சீட்டை ஓரம் கட்டிய அந்தக் கணினியே இப்போது கிழவனாகிவிட்டது என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1985-ல் டெல்லியில் முன்பதிவுக்குக் கணினி வைத்தார்கள். மென்பொருளை எழுதியது சிஎம்சி என்ற அரசு நிறுவனம். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது இங்கே இருந்த ஐபிஎம் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றதும் இதே சிஎம்சிதான். முன்பதிவு ஓடியது அமெரிக்காவின் டிஜிட்டல் கம்பெனி செய்த வேக்ஸ் கணினியில், விஎம்எஸ் என்ற இயங்குதளத்தில். பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள். தொடக்கத்தில் அவை ஒன்றோடொன்று பேசாது. திருப்பதியிலிருந்து டெல்லிக்குப் போகச் சீட்டு எடுத்தவர் திரும்பி வர அங்கிருந்து தந்தி மூலம் இடம் கேட்டுக் காத்திருந்த காலம் அது. கான்சர்ட் என்ற மென்பொருளில் ஐந்து மையங்களும் பிணைந்தது 1999-ல்.

வேக்ஸ் போயிற்று. அதைச் செய்த டிஜிட்டல் கம்பெனியும் காம்பேக்கிடம் போய், காம்பேக் எச்பியிடம் போயிற்று. விஎம்எஸ் மட்டும் ஓப்பன்விஎம்எஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு இடத்தை விடவில்லை. இப்போதுள்ள முன்பதிவு அமைப்பு 2010-ல் நிறுவியது, ஐட்டானியம் சர்வர்களில் ஓப்பன்விஎம்எஸ்ஸில் ஓடுகிறது, அதை முழுதாக மாற்றும் வேலை நடக்கிறது என்று 2025-ல் ரயில்வே சொல்லியிருக்கிறது. ஐட்டானியம் சில்லுகளை அனுப்புவதை இன்டெல் 2021-லேயே நிறுத்திவிட்டது. அதாவது காட்பாடியிலோ திருப்பதியிலோ முன்பதிவுச் சன்னல் முன் நின்று ‘பாகாலாவுக்கு ரெண்டு’ என்று நீங்கள் கேட்கும்போது, பதில் சொல்லும் இயங்குதளத்தின் பூர்வீகம் 1977. நம் அலுவலகத்தில் பலர் அப்போது பிறக்கவேயில்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. படமும் வண்ணமும் இல்லாத அந்தத் திரையில் நான்கைந்து விசைகளில் எழுத்தர் வண்டி எண்ணையும் தேதியையும் அடிக்கும் வேகத்தை, மவுஸைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகத் தேடித் தேடிச் சொடுக்கும் இன்றைய வங்கிக் கவுண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் முன்பதிவின் உயிர். அதைத் தவறாமல் செய்துகொண்டிருக்கும் ஒன்றை, பழையது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட்டுக் கழற்றாமல் இருந்தது சோம்பல் அல்ல, ஜாக்கிரதை என்றே நினைக்கிறேன். ஆனால் சில்லு கிடைக்காத காலம் வந்தபின் ஜாக்கிரதை என்பதற்கு அர்த்தம் மாறிவிடும். இப்போது மாற்றத்தான் வேண்டும்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அரசு அலுவலகங்களுக்கு ஃபிளாப்பியில்தான் விண்ணப்பம் தர வேண்டும் என்று இருந்த விதிகளை ஜப்பான் ஒழித்தது 2024-ல். சோனி ஃபிளாப்பி செய்வதை நிறுத்தி அதற்குள் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் அணு ஆயுதக் கட்டளை அமைப்பு எட்டு அங்குல ஃபிளாப்பியை விட்டது 2019-ல்.

தட்டச்சு இயந்திரத்தைச் சொல்லாமல் விட்டால் தபாலில் சண்டைக்கு வருவீர்கள். கோத்ரெஜ் 1955-ல் செய்யத் தொடங்கி 2009-ல் நிறுத்தியது. சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் செய்த ஹால்டா ஒரு காலத்தில் தாலுகா அலுவலகம்தோறும் இருந்தது. தமிழ் விசைப்பலகையை வகுத்துக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா. அந்தப் பலகையில் புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடிக்க வேண்டும். புள்ளி விழும்போது வண்டி நகராது, எழுத்து விழுந்தபின்தான் நகரும். ‘யளனகப’ என்று விரல் பழகியவர்கள் கணினிக்கு வந்தபின்னும் அதே வரிசையைத்தான் கேட்டார்கள், கணினியும் கொடுத்தது.

எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் டைப் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் இருக்கின்றன. லோயர், ஹையர் என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுக்குப் பிள்ளைகள் இத்தனை கணினி வந்த பிறகும் அந்த இரும்பு இயந்திரத்தின் முன்தான் பழகினார்கள். தேர்வு நாளில் இன்ஸ்டிடியூட்காரர்கள் இயந்திரங்களை வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கோத்ரெஜ் நிறுத்திய பிறகு உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது? செத்த இயந்திரத்திலிருந்துதான். மூன்றை உடைத்து இரண்டை ஓட்டுகிறார்கள்.

இவ்வளவும் வேலையில் இருப்பவை. வேலையில்லாமல் ஷோகேஸில் வைத்திருக்கும் ரெமிங்டனைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தோன்றவில்லை. அழகுதான். விசையைத் தட்டினால் எழுத்துக் கம்பி பாதியில் நின்றுவிடும், நாடா எப்போதோ காய்ந்திருக்கும். ஆசையால் மட்டும் ஓர் இயந்திரம் ஓடுவதை நான் பார்த்ததில்லை. அதனிடம் யாராவது தினமும் வேலை கேட்க வேண்டும், அதற்கு எண்ணெய் போட யாராவது இருக்க வேண்டும். பாகாலாக் கணினிக்கு இரண்டும் அமைந்திருக்கிறது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. பதினொன்றாவது பதிப்பை ஏற்காது என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் நம் வீடுகளிலேயே எத்தனை இருக்கும்! அவற்றை எடைக்குப் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளே இருக்கும் தமிழ்க் கோப்புகளைத் திறந்து பாருங்கள். தாத்தா அடித்து வைத்த குடும்ப வரலாறு, கோயில் திருப்பணிக் கணக்கு, ஊர்ச் சங்கத்து மலர் ஏதாவது பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால், எழுத்துருவோடு சேர்த்துப் பிரதி எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஃபிளாப்பி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதைப் படிக்கும் பெட்டி கிடைத்தாலும், காந்தப் பூச்சில் பூஞ்சை பிடித்தபின் படிக்க ஒன்றும் இருக்காது.

பிறகு எங்களுக்கு எழுதுங்கள். என்ன இயந்திரம், இன்றைக்கு என்ன வேலை செய்கிறது, பழுதானால் யார் பார்க்கிறார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதை மறக்காதீர்கள். அந்த மெக்கானிக்குகள் சிலரைப் பொங்கல் இதழில் படத்தோடு அறிமுகப்படுத்த ஆசை. பாகாலா வாசகர் முதல் ஆளாகத் தன் ஊர் மெக்கானிக்கைச் சிபாரிசு செய்துவிட்டார், ஆகவே உங்களுக்குப் போட்டி இருக்கிறது.

தபால், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதில் வந்தாலும் சரி. தட்டச்சில் அடித்து அனுப்புகிற அன்பர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: நாடாவை ஒரு முறை திருப்பிப் போட்டுவிட்டு அடியுங்கள். போன மாதம் வந்த இரண்டு கடிதங்களை வெயிலில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

ஆயுத பூஜை வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்